வேப்பிலை செருகிய வாசல்

விருதுநகரில் பங்குனிப் பொங்கல் வந்துவிட்டால் தெருவில் நடக்க இடம் கிடைக்காது. ஸ்ரீ பராசக்தி மாரியம்மன் சந்நிதியில் அக்கினிச் சட்டி ஏந்தி வருவோர் ஒருபுறம். பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றும் குழந்தைகள் மற்றொருபுறம். அந்தக் கூட்டத்தினிடையே நின்றபோது நமக்கு ஒரு பழைய முகம் ஞாபகத்துக்கு வந்தது.

நமது தெருவில் ஓர் அத்தை இருந்தாள். உறவுமுறை ஒன்றுமில்லை, தெருவுக்கே அத்தை. இளம் வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவள். முகமெல்லாம் தழும்பு, அதனால் கல்யாணமும் ஆகவில்லை. நமது பிள்ளைப் பிராயத்தில் நமக்கும் அம்மை கண்டது. வாசலில் வேப்பிலை செருகியதும் உறவினர் வரவு நின்றது. அத்தை மட்டும் வந்தாள். மூன்று வாரம் மோரும் பானகமும் புகட்டினாள்; துணி அலசினாள்; அரிப்பெடுத்தபோது வேப்பிலைக் கொத்தால் வருடினாள். "என்னிடம் ஆத்தா ஒரு தடவை வந்துவிட்டாள், இனி வரமாட்டாள்" என்பாள். ஒருமுறை பெரியம்மை கண்டு பிழைத்தவரை அது மறுபடி தீண்டுவது மிக அபூர்வம் என்று பிற்காலத்தில் அறிந்தோம். அவள் வாழ்வைக் கெடுத்த தழும்பே பிறரைக் காக்கக் கவசமாயிற்று.

அந்தக் கவசமும் இல்லாமல் நோயினிடையே புகுந்தவர் ஸ்ரீமதி சாவித்திரிபாய் புலே. 1848-ல் கணவர் ஜோதிராவுடன் பூனாவில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கி, அதற்காகச் சாணியடியும் கல்லடியும் பட்டவர். 1897-ல் அந்நகரில் பிளேக் பரவியபோது அவருக்கு வயது 66; கணவரும் காலமாகிவிட்டார். எலியின் தெள்ளுப்பூச்சியே அந்நோயைப் பரப்புகிறது என்று சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் கண்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். எதற்கு அஞ்சுவது, எப்படித் தப்புவது என்று தெரியாத காலம். சாவித்திரிபாயோ, டாக்டரான வளர்ப்பு மகன் யஷ்வந்துடன் ஊருக்கு வெளியே சிகிச்சை நிலையம் நடத்தினார். முண்ட்வா கிராமத்து மஹார் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டதெனக் கேட்டு, அவனைத் தம் முதுகில் சுமந்து கொணர்ந்தார். நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10-ந் தேதி உயிர் நீத்தார்.

அவர் பிறந்த நய்காவ் என்னும் சிற்றூரில் இன்று நினைவிடம் இருக்கிறது. பூனா சர்வகலாசாலை 2014 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது. தாமதமாயினும் நல்ல காரியமே.

நம் அத்தைக்குக் கல் ஒன்றுமில்லை. நம்மை உறுத்துவது அதுவன்று. நாம் பிழைத்தெழுந்த மறு வருஷம் நம் வீட்டில் ஒரு கல்யாணம். தழும்பு முகம் சபையில் தெரியலாகாதென்று, அத்தைக்குப் பின்கட்டில் இலை போட்டார்கள். நோய் இருந்தபோது முன்வாசல் வழியே வந்தவளை, நோய் போனபின் கொல்லை வழியே அனுப்பினோம். அவளோ, "பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறானா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

1980-ல் பெரியம்மை உலகைவிட்டே ஒழிந்ததென அறிவித்தார்கள். 2020-ல் வேறு நோய் வந்தது. வேப்பிலைக்குப் பதிலாகச் சில வாசல்களில் தகரம் அடித்தார்கள். அப்போதும் அந்த வாசல்களுக்குச் சோறும் மருந்தும் கொண்டு சென்றவர் உண்டு. அவர்களில் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அடுத்த கல்யாணத்தில் அவருக்கு முதற் பந்தியில் ஓர் இலை போடுங்கள். ஞாபகச் சின்னம் அங்கிருந்து தொடங்கட்டும்.