தொரப்பள்ளியில் கர்ணன் நினைவு

ஓசூர்ப் பக்கம் போகிறவர்கள், கம்பெனிகளைத் தாண்டித் தொரப்பள்ளிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். 1878-ல் ராஜாஜி பிறந்த வீடு அங்கே நினைவு இல்லமாக இருக்கிறது.

அதைப் பார்த்ததும் எனக்கு அவருடைய 'வியாசர் விருந்து' ஞாபகம் வந்தது. கர்ணனிடம் குந்தி, தானே பெற்றவள் என்று சொல்லும் கட்டம்! பெற்றவளைக் கண்ட உருக்கம் ஒரு பக்கம், ஆற்றில் விட்டாளே என்ற ஆற்றாமை ஒரு பக்கம். ஆனாலும் வளர்த்த ராதையை அவன் விடவில்லை.

இந்த வட்டாரத்துக்கு இது வெறும் கதையில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் தர்மபுரி மாவட்டத்துக்கும் வந்தது. ஓசூர் அப்போது அதில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்.

அந்தத் தொட்டில் பிள்ளைகளில் மூத்தவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. 18 வயதானால் பெற்றவளைத் தேடச் சட்டம் இடம் தருகிறது. தன் பெயரை மறைக்கச் சொன்னவள் என்றால் அவள் சம்மதம் வேண்டும். பெயரே சொல்லாமல் விட்டுப் போயிருந்தால்? தேட நூலிழைகூட இல்லை. கண்டுபிடித்தாலும், அழுவதா, கோபிப்பதா, வளர்த்தவளுக்குத் துரோகமோ என்று மனசு தவிக்கும்.

தத்தெடுத்து வளர்க்கும் சகோதரிகளே, மகள் தேடக் கிளம்பினால் வாடிப்போகாதீர்கள். கூடவே போங்கள். ராதையைக் கர்ணன் விட்டானா என்ன?