ஆக்டிவா பாசிவா - ஒரு பேஸ்காரனின் கணக்கு வழக்கு

பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்று சொன்னால் நம்ம மக்கள் கேட்கும் கேள்விகள் இரண்டே இரண்டுதான். ஒன்று, "அதுல ஏன்டா நாலு கம்பி மட்டும் இருக்கு?" இரண்டு, "அது சத்தமே கேக்கலையேடா?" முதல் கேள்வியை விட்டுவிடுவோம். (ஐந்து, ஆறு கம்பி வைத்ததும் இருக்கிறது சாமிகளா, விலைதான் இடிக்கும்.) இரண்டாவதுதான் என் வயிற்றில் புளியைக் கரைக்கிற கேள்வி.

நான் வாசிப்பது கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில். எங்கள் கீபோர்டு அண்ணனுக்குப் பாதி நேரம் இடது கை சும்மாதான் இருக்கும். அவர் நினைத்தால் அந்தக் கையிலேயே பேஸ் பகுதியையும் வாசித்துவிட்டுப் போய்விடுவார். அப்படி ஓடுகிற குழுக்களும் இருக்கின்றன. ஆக, பேஸ் கேட்கவில்லை என்றால் பேஸ்காரனுக்கு எதற்குத் தனியாக ஒரு சம்பளம், ஒரு சாப்பாடு, வேனில் ஒரு சீட்டு என்று குழு நடத்துகிறவர் யோசிக்க ரொம்ப நேரம் ஆகாது. பி.காம் படிக்கிற எனக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் யோசிப்பேன் :)

இந்த விவகாரத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது என் கிட்டாரில் இருக்கும் ஒரு குட்டி சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் ஆக்டிவ், மறுபக்கம் தள்ளினால் பாசிவ். ஆக்டிவ் என்றால் பவர், பாசிவ் என்றால் பழசு என்பதுதான் எங்கள் குழுவில் பரவலான நம்பிக்கை. டிரம்ஸ் வாசிக்கிற நண்பன் சவுண்ட் செக்கில் வாயைத் திறந்து கேட்கும் முதல் கேள்வியே, "மச்சி, ஆக்டிவ்ல போட்டியா?" என்பதுதான். பேரைக் கேட்டாலே பாருங்களேன், பாசிவ் என்றால் ஏதோ மூலையில் சோம்பிக் கிடக்கிற ஆசாமி மாதிரி இருக்கிறது. பெயர் வைத்தவனைச் சொல்ல வேண்டும்.

உண்மையில் உள்ளே நடப்பது வேறு. பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி முடியைப் போன்ற மெல்லிய செப்புக் கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகளும். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் துளியூண்டு மின்சாரம் பிறக்கிறது. பாசிவில் அந்தத் துளிதான் உங்கள் மொத்தச் சொத்து. வால்யூம் நாப் அதைக் குறைக்கும். டோன் நாப் ஒரு கெப்பாசிட்டர் வழியாக மேல்ஸ்தாயி ஒலிகளைத் தரைக்கு வடித்துவிடும். டோனை முழுக்கத் திறந்து வைத்தால் ட்ரெபிள் கூடிவிட்டது என்று நினைப்போம். கூடவில்லை, வடிவது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பாசிவில் எந்த நாபாலும் எதையும் கூட்ட முடியாது. கழிக்க மட்டுமே முடியும். நம்ம பாஷையில் சொன்னால் சேமிப்புக் கணக்கு. இருப்பில் உள்ளதை எடுக்கலாம், இல்லாததை எடுக்க முடியாது.

ஆக்டிவ் என்பது ஓவர்டிராஃப்ட். கிட்டாரின் முதுகில் ஒரு 9 வோல்ட் பேட்டரி, அதை வைத்து ஓடும் ஒரு குட்டி ப்ரீஆம்ப். பேஸ், ட்ரெபிள் நாப்கள் நடுவில் 'டிக்' என்று நிற்கும். அங்கிருந்து இந்தப் பக்கம் திருப்பினால் கூடும், அந்தப் பக்கம் திருப்பினால் குறையும். இல்லாததையும் கூட்டித் தருகிறதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் ஓவர்டிராஃப்டுக்கு லிமிட் உண்டு. இங்கே லிமிட் அந்த 9 வோல்ட். பேஸை முழுக்கக் கூட்டிவிட்டுக் கம்பியை ஓங்கி இழுத்தால் சிக்னல் அந்த வரம்பில் முட்டி, தலை தட்டப்பட்டு வெளியே வரும். சில கிட்டார்களில் இரண்டு பேட்டரி போட்டு 18 வோல்ட் ஆக்குவது இந்த லிமிட்டை உயர்த்தத்தான், சத்தத்தை இரட்டிப்பாக்க அல்ல.

(இன்னொரு குழப்பம். பிக்கப்புக்குள்ளேயே ப்ரீஆம்ப் வைத்த ஆக்டிவ் பிக்கப்கள் என்று தனி ரகம் இருக்கிறது. அதற்குப் பேட்டரி இல்லாத வாழ்க்கையே கிடையாது. நான் சொல்வது சாதாரண பிக்கப், அதற்குப் பின்னால் ப்ரீஆம்ப், நடுவில் சுவிட்ச் என்கிற ஏற்பாடு.)

வரலாறும் பாசிவ்காரனுக்கு ஒன்றும் கேவலமாக இல்லை. லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸும், 1960-ல் வந்த ஜாஸ் பேஸும் பேட்டரி இல்லாதவைதான். மோடவுன் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது ஒரு 1962 பிரிசிஷனில். கம்பியைக் கூட அறுந்தால்தான் மாற்றுவாராம். ஜேகோ பாஸ்டோரியஸின் புகழ்பெற்ற ஃபிரெட் இல்லாத பேஸும் பாசிவ் ஜாஸ் பேஸ்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் அலெம்பிக் கம்பெனி கிட்டாருக்குள் ப்ரீஆம்ப் வைத்து விலையுயர்ந்த பேஸ்களைச் செய்ய ஆரம்பித்தது. பிறகு 1976-ல் அதே லியோ ஃபெண்டர், மியூசிக் மேன் கம்பெனியில் ஸ்டிங்ரே பேஸைக் கொண்டுவந்தார். பெரிய அளவில் தயாராகி ஆக்டிவ் பேஸைப் பரவலாக்கியது அதுதான். அதில் பாசிவ் சுவிட்ச்சே கிடையாது. பேட்டரி போனால் கிட்டார் ஊமை. மார்கஸ் மில்லர் இன்னொரு வழி போனார். 1977 ஜாஸ் பேஸ் ஒன்றை நியூயார்க்கில் ரோஜர் சாடோவ்ஸ்கியிடம் கொடுத்து உள்ளே ப்ரீஆம்ப் வைத்துக்கொண்டார். கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் அந்த 'ஸ்லாப்' சத்தத்தின் பளபளப்பில் அந்த ப்ரீஆம்புக்கும் பங்கு உண்டு.

சரி, கல்யாண மண்டபத்துக்கு வருவோம்.

எங்கள் கச்சேரிகளில் பாதிக்கு மேல் எண்பதுகளின் ராஜா பாட்டுகள். வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாட்டுகளில் பேஸ் சும்மா 'தும் தும்' என்று தாளத்துக்குத் துணை போகிற வேலை இல்லை. பாடகர் ஒரு பக்கம் போனால் பேஸ் இன்னொரு பக்கம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தனியாக ஒரு பாட்டு. அது சுரம் சுரமாகக் கேட்டால்தான் மரியாதை.

மண்டபம் என்றால் என்ன? நாலு பக்கமும் சுவர், தரையெல்லாம் டைல்ஸ், மேலே கான்கிரீட். கீழ்ஸ்தாயி ஒலி உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பேஸின் கனத்த கம்பியைத் திறந்து மீட்டினால் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆனால் நம் காது அது இன்ன சுரம் என்று பிடிப்பதற்கு அதன் மேலே 82, 123, 164 என்று அடுக்கடுக்காக வரும் துணை ஒலிகள் ரொம்ப உதவுகின்றன. செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. இருந்தும் பாட்டின் பேஸை ஓரளவு பின்தொடர முடிகிறதே, அதனால்தான். இப்போது ஆக்டிவில் பேஸ் நாபைக் கூட்டினால் பெரும்பாலும் என்ன கூடுகிறது? சுரத்தைக் காட்டிக்கொடுக்கும் நடுப்பகுதி அல்ல, ஏற்கெனவே மண்டபம் தன் பங்குக்கு ஊதிப் பெருக்கும் அடிப்பகுதி. தவிர, 10 டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப் 10 மடங்கு பவர் தர வேண்டும். 100 வாட் ஆம்ப் பாவம், எங்கே போகும்?

ஒரு சவுண்ட் செக்கில் இதைச் சோதித்துப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு நாற்காலி மேல் போனை வைத்து ரெக்கார்டிங் போட்டுவிட்டு, ஒரே பாட்டை இரண்டு தடவை வாசித்தோம். முதல் தடவை நண்பனின் திருப்திக்கு ஆக்டிவ், பேஸ் நாப் முக்கால்வாசி. இரண்டாவது தடவை பாசிவ், டோன் பாதிக்குக் கொஞ்சம் மேலே. மேடையில் நிற்கும்போது முதலாவதுதான் பிரமாதம், கால் வழியாக ஏறுகிறது. போனில் கேட்டால் முதலாவதில் 'கும்ம்ம்' என்று ஒரே சுரம்தான் பாட்டு முழுக்க. பாசிவில் சத்தம் குறைவு, ஆனால் பேஸ் போகிற பாதை முழுக்கக் கேட்டது. எங்கள் மூத்த கிட்டாரிஸ்ட் அண்ணன் (பேச்சு ரொம்ப அளந்துதான் வரும்) கேட்டுவிட்டு, "தம்பி, ரெண்டாவதுல நீ வாசிக்கிற. முதல்ல மண்டபம்ல வாசிக்குது" என்றார். டிரம்ஸ் நண்பனுக்கு மட்டும் இன்றுவரை முதலாவதுதான் பிடித்திருக்கிறது. அவன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவன் சொல்வதும் நியாயம்தான்.

அதற்காக ஆக்டிவை ஒதுக்கிவிடவில்லை. அது கெட்டிக்காரத்தனமாக உதவும் இடம் யாரும் பேசாத இடம்: ஒயர். பாசிவில் பிக்கப், கேபிள், ஆம்ப் எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பம். ஷீல்டு போட்ட கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் இருக்கும். பிக்கப்பின் இண்டக்டன்ஸ் 4 ஹென்றி, அதன் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் ஒரு 100 பிகோஃபாரட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 3 மீட்டர் கேபிளில் பிக்கப்பின் பளிச்சென்ற உச்சம் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நிற்கும். அதுவே 10 மீட்டர் கேபிள் என்றால் 2,400-க்கு இறங்கிவிடும். ஒயரை மாற்றினாலே கிட்டார் மாறிவிடுகிறது! ஆக்டிவில் ப்ரீஆம்ப் கிட்டாருக்குள்ளேயே நின்று பிக்கப்பையும் ஒயரையும் பிரித்துவிடுவதால் இந்தத் தொல்லை இல்லை. மேடையின் ஒரு மூலையில் நானும் மறு மூலையில் ஆம்பும் என்றால் ஆக்டிவ்தான், ஆனால் நாப்கள் இரண்டும் நடுவில். பேஸை நடுவிலிருந்து இம்மி குறைத்துக்கூட வைப்பேன். கூட்டித் தரும் வசதியைக் கழிப்பதற்குப் பயன்படுத்துகிறானே என்று சிரிக்காதீர்கள். கழித்தால்தான் கேட்கிறது.

அதே காரணத்தால் பாசிவில் வாசிக்கும் நாளில் மைக் செட் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: "அண்ணே, உங்க டி.ஐ. பாக்ஸ் ஆக்டிவா பாசிவா?" டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் வைத்த பாசிவ் பாக்ஸில் பாசிவ் கிட்டாரைச் செருகினால் அது பிக்கப்பின் சிக்னலைக் கீழே இழுக்கும், ட்ரெபிள் மங்கிப் போகும். பேட்டரியிலோ மிக்ஸரின் 48 வோல்ட்டிலோ ஓடும் ஆக்டிவ் பாக்ஸ் என்றால் கவலையில்லை. பாசிவுக்கு ஆக்டிவ், ஆக்டிவுக்கு எதுவானாலும் சரி. ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான்.

பேட்டரி பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு முடியாது. கேபிளைச் செருகினாலே ப்ரீஆம்ப் உயிர் பெறும்படிதான் பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களின் சாக்கெட் இருக்கும்; வாசிக்காவிட்டாலும் ஒயர் செருகி இருந்தால் பேட்டரி தேயும். வாசித்து முடித்ததும் உருவி வைப்பது என் பழக்கம். ப்ரீஆம்ப் இழுப்பது ஒரு மில்லி ஆம்பியர் போல. நல்ல ஆல்கலைன் பேட்டரி சில நூறு மணி நேரம் தாங்க வேண்டும். ஆனால் ஒரு கச்சேரிக்கு முதல் நாள் வாங்கிய புது பேட்டரி, கடையில் எத்தனை காலம் தூங்கியதோ, மூன்றாவது பாட்டிலேயே இருமத் தொடங்கியது. மெதுவாக வாசித்தால் ஒன்றும் தெரியாது. அழுத்தி மீட்டினால் 'பர்ர்' என்று கிழியும். மணமக்கள் குடும்பத்தோடு போட்டோவுக்கு நிற்கிறார்கள், பாட்டு சரணத்தில் போய்க்கொண்டிருக்கிறது, கீபோர்டு அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். அவருடைய இடது கை மெல்ல கீழ்க்கட்டைகளின் பக்கம் நகர்வதையும் பார்த்தேன். அவர் உதவிக்குத்தான் வந்தார், தெரியும். ஆனாலும் அந்தக் கை அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்றுதான் எனக்கு ஓடியது. சுவிட்ச்சைத் தள்ளினேன். கிழிசல் போய்விட்டது, சத்தமும் பாதியாகிவிட்டது. மைக் செட் அண்ணனைப் பார்த்துக் கட்டைவிரலை மேலே காட்ட, அவர் என் சேனலைத் தூக்கிவிட, அடுத்த நாலு வரியில் சமமாகிவிட்டது. கீபோர்டு அண்ணனின் கையும் திரும்பிப் போய்விட்டது. மீதிக் கச்சேரி முழுக்க பாசிவ். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குழு நடத்துகிறவர் கவரைக் கொடுக்கும்போது அடுத்த முகூர்த்தத் தேதியைச் சொன்னார்.

பாக்கி இருப்பது அந்த 'சத்தம் பாதியானது' மட்டும்தான். சுவிட்ச்சைத் தள்ளும்போது இரண்டும் ஒரே அளவில் இருக்கும்படி சரிசெய்ய, சில ப்ரீஆம்ப்களில் சர்க்யூட் போர்டிலேயே ஒரு குட்டித் திருகு வைத்திருப்பார்கள். போன வாரம் முதுகு மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பார்த்தேன். என்னுடையதில் அது இல்லை. அதனால் இப்போதைக்கு ஆக்டிவில் வாசிக்கும் நாட்களில் கிட்டாரின் வால்யூமை முக்காலில் வைத்து ஆரம்பிக்கிறேன். பாசிவுக்குத் தாவ வேண்டி வந்தால் மீதிக் காலைத் திறந்துகொள்ளலாம். வரும் ஞாயிறு நிச்சயதார்த்தம், தகரக் கொட்டகை போட்ட திறந்தவெளி. அங்கே எது எடுபடும் என்று போய்த்தான் பார்க்க வேண்டும். பைக்குள் பேட்டரி இரண்டாக எடுத்து வைத்திருக்கிறேன், வேறு கடையில் வாங்கியது.