பரண்மேல் இருந்த பெட்டி

ரமளானை வரவேற்க ஷஃபான் மாதத்திலேயே ஒட்டடை அடித்து, சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவது நம் இல்லங்களின் வழக்கமன்றோ? 2024ஆம் ஆண்டு ரமளான் மார்ச் மாதத்தில் பிறந்தது. அதற்கு முன்பாக, படாளத்திலுள்ள எங்கள் இல்லத்தில் பரணிலிருந்து துப்புரவைத் தொடங்கினேன். மேலே படிந்த தூசு கீழே விழுமாதலால் தரையைக் கடைசியில் துடைப்பதே முறை.

அங்கே காலஞ்சென்ற என் அன்னையின் தகரப்பெட்டி இருந்தது. "என் கம்பளிப் போர்வையை ஏழை ஒருவருக்குக் கொடுத்துவிடு" என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். நானோ பாசத்தால் பூட்டி வைத்திருந்தேன். திறந்தபோது, அந்துப்புழு அதனைச் சல்லடையாக்கியிருந்தது. கம்பளியையும் பட்டையும் அரிப்பது அதன் இயல்பு. பருத்திச் சேலைகள் தப்பியிருந்தன. அவற்றை வெயிலில் உலர்த்தி, அன்றே தேவையுடையோரிடம் சேர்த்தேன். போர்வையின் கணக்கு மட்டும் என்மீது நிற்கின்றது.

தரையைத் துடைக்குமுன் உங்கள் பெட்டிகளையும் திறந்து பாருங்கள். பிறருக்குரியது ஏதேனும் அங்கே உறங்கக்கூடும்.