வயிற்றோடு ஓர் உம்ரா

தொழுகையின் மக்ரூஹுகளைப் பாடம் நடத்தும்போது ஃபிக்ஹு நூல்களில் மூன்று சொற்கள் வரும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பவன் ஹாகின்; மலத்தை அடக்கிக்கொண்டிருப்பவன் ஹாகிப்; காற்றை அடக்கிக்கொண்டிருப்பவன் ஹாஸிக். இந்நிலையில் தொழுவது வெறுக்கத்தக்கது. தேவையை முடித்துக்கொண்டு வருவதே முறை. இவ்விடம் வந்ததும் மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார்கள். எனக்கோ சிரிப்பு வருவதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக நானே ஒரு ஹாகிப்.

மருத்துவர் இதற்கு இட்ட பெயர் ஐ.பி.எஸ். "எப்போது காவல்துறையில் சேர்ந்தீர்கள், மச்சான்?" என்று என் மைத்துனர் கேட்டார். குடலில் புண்ணில்லை, கட்டியில்லை, எல்லாப் பரிசோதனைகளும் சரியாகவே இருக்கும். எனினும் வயிறு முறுக்கும். சில நாள் போக்கு, சில நாள் சிக்கல். மூளைக்கும் குடலுக்கும் இடையேயுள்ள நரம்புத் தொடர்பு பிசகி, குடல் அளவுக்கு மீறிய கூருணர்வு கொண்டுவிடுகிறது என்பது மருத்துவர் தந்த விளக்கம். அச்சம் குடலை முடுக்கும்; முடுகிய குடல் அச்சத்தை வளர்க்கும். சொந்த ஊரில் இதனோடு காலந்தள்ளிவிடலாம். அயல்நாட்டில் உறக்கம் கெடும், உணவு மாறும், கழிவறை எத்திசை என்பதும் தெரியாது.

2023-ஆம் ஆண்டு உம்ராவுக்குப் புறப்பட்ட ஒரு குழுவுக்கு வழிகாட்டியாக நானும் துணைவியாரும் சென்றோம். புறப்படுமுன் நடந்த விளக்கக் கூட்டத்திலேயே என் நோயைச் சொல்லிவிட்டேன். "இடையில் நான் காணாமற்போனால் தேட வேண்டா, வந்துவிடுவேன்" என்றேன். மார்க்கத்தைக் கேட்டறிவதற்கு நாணம் தடையாகவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் பாராட்டியதைப் பாடம் சொல்லும் நான், என் வயிற்றைச் சொல்ல நாணுவானேன்? சொல்லிவிட்டதில் ஒரு மருத்துவப் பயனும் உண்டு: மறைக்க வேண்டிய பாரம் இறங்கியதும் குடலும் சற்று அடங்குகிறது.

விமானக் கழிவறையில் சுத்தம் செய்யத் தண்ணீர் வசதி போதாது. ஒரு சிறு போத்தல் கையில் இருந்தது. இஹ்ராமில் நறுமணம் விலக்கு என்பதால் மணமற்ற சோப்பு. கைப்பையில் மாற்று இஹ்ராம் துணி ஒரு சோடி. மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்த லோபெரமைடு, இசப்கோல், உப்புச்சர்க்கரைப் பொடி. அங்கே விருந்தோம்பலுக்குக் குறைவில்லை. மோரும் பேரீச்சையும் நெய்ச்சோறும் வந்துகொண்டே இருக்கும். பேரீச்சை பரக்கத்தான கனிதான், ஆனால் ஏழெட்டை ஒருசேர உண்டால் என் வயிறு ஊதும், ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். ஹரமில் குளிரூட்டப்படாத ஸம்ஸமும் தனிப் பாத்திரங்களில் கிடைக்கிறது; எனக்கு அதுவே இதமாக இருந்தது.

உண்டவுடன் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் இயல்பு. எமக்கு அது மிகை. ஆகவே நள்ளிரவுக்குப்பின், வெறும் வயிற்றில் தவாஃபைத் தொடங்கினேன். அப்படியிருந்தும் ஐந்தாம் சுற்றில் வயிறு முறுக்கியது. மதாஃபிலிருந்து வெளிமுற்றத்துக் கழிவறைக்குப் போய், ஒளுச் செய்து, கூட்டத்தைப் பிளந்து திரும்ப நாற்பது நிமிடங்கள் ஆயின. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, தவாஃபின் நடுவே ஒளு முறிந்தால் புதுப்பித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்குவது விரும்பத்தக்கது, கடமையன்று. நான் ஐந்தாம் சுற்றை ஹஜருல் அஸ்வதுக்கு நேரிலிருந்து மீண்டும் எடுத்து ஏழையும் நிறைவு செய்தேன். துணைவியார் தம் தவாஃபை முடித்துவிட்டு, குறித்து வைத்திருந்த இடத்தில் அமைதியாக ஓதிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மாலை, என் அறைக் கதவைத் தட்டினார் குழுவிலிருந்த முதியவர் ஒருவர். கடற்கரை ஊர்க்காரர், எழுபதை நெருங்குபவர். முதல் உம்ராவை முடித்தபின் அறையை விட்டு அவர் வெளிவரவேயில்லை. முழங்கால் வலி என்று சொல்லியிருந்தார்.

"ஹஜ்ரத், நீங்க சொன்ன சீக்குதான் எனக்கும். பள்ளிக்குள்ள வச்சு ஏதும் ஆயிடுமோன்னு பயம். சோறுகூடத் திங்கல."

கஃபாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், சுவரைப் பார்த்தபடி மூன்று நாள்! எனக்கு நெஞ்சு அடைத்தது.

"உட்காருங்க காக்கா" என்று, முதலில் கொஞ்சம் கஞ்சி வரவழைத்தேன். தமக்கு மஃதூர் சட்டம் பொருந்துமா என்று கேட்டார். பொருந்தாது, இடைவெளியின்றி ஒழுகும் நோயாளிக்கே அச்சலுகை, உங்களுக்கு இடைவெளி கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள் என்றேன். ஸயீக்கு ஒளு நிபந்தனையே அன்று என்பதையும் சொன்னேன். அவருக்கு அதுவரை தெரியாது. எத்தனையோ பயான்களில் ஹஜருல் அஸ்வதின் சிறப்பை மணிக்கணக்காகப் பேசும் நாம், இத்தகைய சட்டங்களை ஏன் தொடாமல் விடுகிறோமோ!

அன்றிரவு இருவரும் சேர்ந்தே மதாஃபில் இறங்கினோம். ஓரமாக, வெளியேறும் வழியை விட்டகலாமல் சுற்றினோம். ஒருமுறையும் அவர் வெளியேற நேரவில்லை. ஏழாம் சுற்றில் அவர் அழுததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

மதீனாவுக்கு ஏறத்தாழ 450 கிலோமீட்டர். 2018-இல் தொடங்கிய ஹரமைன் விரைவு ரயிலில் கழிவறை இருப்பதால், பேருந்தை விட்டு எங்கள் இருவருக்கும் துணைவியாருக்கும் தனியே சீட்டு வாங்கினேன். ரயிலில்தான் அவரை விசாரித்தேன். தொல்லை தொடங்கி ஓராண்டுதான் ஆகிறதாம். எந்த மருத்துவரையும் பார்த்ததில்லையாம். நான் பதறிப்போனேன். மலத்தில் இரத்தம், எடைக் குறைவு, காய்ச்சல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவை இந்நோயின் அடையாளங்கள் அல்ல. முதுமையில் புதிதாகக் குடல் போக்கு மாறினாலும் பரிசோதிக்காமல் ஐ.பி.எஸ். என்று முடிவு கட்டக்கூடாது. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, அவருடைய மகனுக்கு அங்கிருந்தே தொலைபேசியில் பேசினேன். ஊர் திரும்பிய மறுவாரமே அழைத்துச் செல்வதாக மகன் வாக்களித்தார். அவ்வாறே அழைத்தும் சென்றார்.