பிழைப் பட்டியல் எங்கே இருக்கிறது?

2018 நவம்பர் 16. கஜா புயல் கரையைக் கடந்தபோது ஆலங்குடி பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கரண்ட் கம்பங்களும் தப்பவில்லை. பல கிராமங்களில் விளக்கு எரிய நாள்கணக்கில் ஆனது. போன் சிக்னலும் கிடையாது.

சென்னையிலிருந்து ஊருக்கு வந்திருந்த சாஃப்ட்வேர் இளைஞர் ஒருவர், தண்ணீர் டேங்க் நிரப்ப வந்த வாடகை ஜெனரேட்டரில் லேப்டாப்புக்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டார். வேலை செய்துவிடலாம் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. காரணம், 'கிட்'. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய மென்பொருள் இது. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற வரலாற்றோடு மொத்த கோடும் லேப்டாப்பிலேயே இருக்கும். நெட் தேவையில்லை.

ஆனால், எதைச் சரிசெய்வது? 'பக்' எனப்படும் பிழைகளின் பட்டியல் மட்டும் வேறொரு இணையதளத்தில் இருந்தது. எங்கே தொட்டால் பில் தொகை தப்பாக வருகிறது, அதை யார் கண்டுபிடித்தார், என்ன செய்து பார்த்தார்கள்... எல்லாமே அங்கேதான். நோயாளி இங்கே, மருத்துவச் சீட்டு வேறு ஊரில் என்ற கதை. லேப்டாப்பை மூடிவைத்துவிட்டார்.

இந்தச் சிக்கலுக்கு ஒருவர் அப்போதே வழி கண்டிருந்தார். அவருடைய கைவண்ணம் உங்கள் போனிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டோ, ஐபோனோ, தகவல்களைச் சேமிக்க உள்ளே 'எஸ்க்யூலைட்' இருக்கும். 2000-ல் அதை உருவாக்கிய அமெரிக்கர் ரிச்சர்ட் ஹிப், பிறகு 'ஃபாசில்' என்ற கருவியையும் எழுதினார். அதில் கோடு, மாற்றங்களின் வரலாறு, பிழைப் புகார்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். நகல் எடுத்தால் எல்லாம் சேர்ந்தே வரும். நெட் இல்லாதபோது எழுதிய புகார், நெட் வந்ததும் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். எஸ்க்யூலைட்டின் கோடே இன்று ஃபாசிலில்தான் இருக்கிறது. 'கிட்' பயன்படுத்துபவர்களுக்கு இதே வேலையைச் செய்ய 'கிட்-பக்' உண்டு.

புதுக்கோட்டைச் சீமைக்கு இந்த யோசனை பழையதுதான். திருமயத்தில் ஒரே குன்றில் சிவனுக்கும் பெருமாளுக்கும் குடைவரைக் கோயில்கள் உள்ளன. இரண்டு கோயில்களுக்கும் இடையே நீண்டநாள் வழக்கு. 13-ஆம் நூற்றாண்டில் ஒய்சாளத் தளபதி முன்னிலையில் அதைப் பேசித் தீர்த்தார்கள். அந்தத் தீர்வைக் கோயில் இருக்கும் இடத்திலேயே கல்லில் வெட்டிவைத்தார்கள். சண்டை எங்கேயோ, தீர்ப்பும் அங்கேயே.

இதில் சங்கடமும் உண்டு. பிழையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் வாடிக்கையாளர். அவருக்கு இந்தக் கருவிகள் தெரியாது. புகார் சொல்ல எளிய வழி வேண்டும். புகாரில் அவருடைய போன் நம்பர் இருந்தால், நகல் எடுக்கும் எல்லோர் கைக்கும் அது போய்விடும். அதை நீக்கிவிட்டுத்தான் பதிய வேண்டும்.

ஆட்கள் வேலை மாறுவார்கள், கம்பெனியும் சேவையை மாற்றும். தனியாகக் கிடக்கும் பட்டியல் அப்போதுதான் தொலைகிறது. கல்லூரி புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளே, பெரிய கருவிகூட வேண்டாம். கோடு இருக்கும் ஃபோல்டரிலேயே 'பிழைகள்' என்று ஒரு ஃபைல் தொடங்குங்கள். அடுத்து வருபவர் உங்களைத் தேடி அலைய மாட்டார்.