ஆச்சி மேல் போட்ட பழி

அம்மாவின் கழுத்து வீக்கத்தை முதலில் பார்த்தது பூக்கார அக்காதான். "என்ன டீச்சர், தொண்டைல உருண்டையா ஏதோ இருக்கு?" ஊசி போட்டு எடுத்த ரிப்போர்ட்டில் 'ஹர்த்தில் செல்' என்று வந்தது. ஊசியில் அதற்கு மேல் தெரியாதாம். கட்டி தன் உறையைத் தாண்டியிருக்கிறதா, ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று சொல்ல முடியும். அதற்குத் தைராய்டில் பாதியை எடுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, ஆஸ்பத்திரி அறையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். இந்தச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா பிதுங்கி வழிகிறது, அதன் டிஎன்ஏவில் பிழைகள் இருக்கின்றன என்று படித்தேன். மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியாகத்தான் வரும் என்ற பள்ளிக்கூடப் பாடம் ஞாபகம் வந்தது. இரண்டையும் கூட்டி, யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "ஆச்சிகிட்டேருந்து உனக்கு வந்திருக்கும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அப்போ உனக்கு? வயித்துல இருக்கறதுக்கு?"

எனக்கு அப்போது ஐந்தாவது மாசம். அன்று இரண்டு பேருமே தூங்கவில்லை.

விடியும்வரை ஒழுங்காகப் படித்தேன். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக 37 ஜீன்கள். அதில் 13 புரதம் செய்பவை. அந்தப் பதின்மூன்றில் ஏழு, 'காம்ப்ளெக்ஸ் 1' என்ற எந்திரத்தின் பாகங்கள். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் சங்கிலியில் அதுதான் முதல் கண்ணி. இந்தக் கட்டிகளில் அடிக்கடி உடைந்திருப்பது அந்த ஏழில் ஒன்று. சக்தி போதவில்லை என்று செல் மேலும் மேலும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது என்று கருதுகிறார்கள். எங்கள் ஆபீஸில் இதைப் பார்த்திருக்கிறேன். பழுதான கோடு ஓடும் சர்வர் திணறும்; சிஸ்டம் தானாகவே அதே பழுதோடு இன்னும் பத்து சர்வரை ஏற்றிவிடும்.

2018இல் அமெரிக்க ஆய்வுக் குழுக்கள் இரண்டு 'கேன்சர் செல்' இதழில் வெளியிட்ட கட்டுரைகளில் இன்னொன்றும் இருந்தது. இந்தக் கட்டிகள் பலவற்றில் குரோமோசோம் ஜோடிகளில் ஒன்று ஒன்றாகத் தொலைந்துபோகிறது. பெரும்பாலும் 7ஆம் ஜோடி மட்டும் தப்பிக்கிறது. முக்கியமான விஷயம் வேறு: இந்தப் பிழைகள் பெரும்பாலும் கட்டிக்குள்தான் இருக்கின்றன, அதே ஆளின் மற்ற செல்களில் இல்லை. அதாவது பிறக்கும்போது வந்தவை அல்ல. கழுத்துக்குள், எப்போதோ, ஒரு செல்லில் நடந்த விபத்து.

பெயரிலும் ஆள் மாறாட்டம்தான். 1894இல் கார்ல் ஹர்த்தில் நாய்களின் தைராய்டில் கண்டு எழுதியது வேறு செல். இவற்றை 1898இல் விவரித்தவர் மாக்ஸ் அஸ்கனாசி. 2022இல் உலக சுகாதார நிறுவனம் பெயரையே 'ஆன்கோசைட்டிக்' என்று மாற்றிவிட்டது.

காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் கேட்டேன். "குடும்பமா வர்றது ரொம்ப அபூர்வம். உங்க வீட்ல வேற யாருக்கும் இல்லையே? அப்போ பயப்படாதீங்க" என்றார். அம்மா அவரையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

பத்து நாள் கழித்து ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான்; உறையை ஒரே இடத்தில் லேசாகத் தாண்டியிருந்தது, ரத்தக்குழாய்க்குள் போகவில்லை. எடுத்த பாதியே போதும், ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது கழுத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "பாவம்டி எங்கம்மா. அன்னிக்கு ராத்திரி பூரா அவளைத்தான் மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன்."