நாள்தோறும் ஒரு தெரிவு

இறைவனுக்கு உகந்த வாழ்வை ஒரே நாளில் தெரிந்துகொண்டுவிடலாம். அதில் நிலைத்து நிற்கவோ, அதையே நாள்தோறும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மளிகைக் கடை நடத்தும் எனக்கு இதைக் கற்பித்தவர் மறைச்சாட்சியான புனித தேவசகாயம்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்தவர். துன்புற்ற காலத்தில் டச்சுத் தளபதி டிலனாய் வாயிலாக யோபுவின் வரலாற்றைக் கேட்டார். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749-இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வதைக்கப்பட்டார். விசுவாசத்தைக் கைவிடும்படி வற்புறுத்தியும் அவர் அசையவில்லை. 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருமுறை செய்த தெரிவை அச்சிறைநாட்கள் அனைத்திலும் அவர் புதுப்பித்தார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

நமக்கு விலங்கும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. தராசும் கணக்கேடும் நாவுமே நம் சோதனைக் களங்கள். கலப்படச் சரக்கை மலிவாய்த் தர ஒருவர் வரும்பொழுது, “ஊரில் எல்லாரும் செய்வதுதானே” என்று உள்ளம் வாதிடுகிறது. வேண்டாமென மறுப்பதே அன்றைக்கு என் திருமுழுக்கு வாக்குறுதி. அதனால் வருவாய் குன்றி, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குத் தவணை கேட்ட மாதங்களும் உண்டு. ஆயினும் இரவில் குடும்பமாய் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும்பொழுது, மறைக்க வேண்டியது ஒன்றுமின்றி ஆண்டவர் திருமுன் நிற்கிறோம். இந்தச் செல்வத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வோமாக!